அப்பாவின்ர ஸ்பீக்கரை எறியிறதா, திருத்துறதா?

மகள் மிருதங்கம் பழகுகிறாள். டீச்சர் அனுப்புகிற பதிவைப் போனில் போட்டுக் கேட்டுத்தான் வீட்டில் வாசிப்பாள். ஒருநாள், "அப்பா, தொப்பிச் சத்தம் கேக்குதே இல்லை" என்றாள். அது உண்மைதான். இடப்பக்கத் தொப்பியின் கனத்த நாதம் போனின் குட்டி ஸ்பீக்கரில் சரியாக வராது.

பேஸ்மென்டில் அப்பாவின் பழைய ஸ்டீரியோ இருந்தது. ஸ்காபரோவுக்கு வந்த புதிதில், 1989இல், ஓவர்டைம் காசில் வாங்கியது. எட்டு அங்குல வூஃபர் உள்ள பெரிய சோடி. போட்டுப் பார்த்தோம். இடது பக்கம் ஒரே கரகரப்பு.

"எறிஞ்சிட்டுப் புதுசு வாங்குவம்" என்று மனைவி சொன்னா. அப்பா உடனே ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், "உது நல்ல சாமான், தம்பி" என்றார்.

என் கையில் 300 டொலர்தான் இருந்தது. அதுக்குள்ள விண்டர் டயரும் வாங்க வேணும். அதனால் வாங்க முதல் பழுது எங்கே என்று பார்ப்போம் என்று நினைத்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சோடி இருந்தால் நீங்களும் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் அம்பிளிஃபையரை நிறுத்திவிட்டு, அதன் பின்பக்கத்தில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் கொழுவுங்கள். கரகரப்பு மற்ற ஸ்பீக்கருக்குப் போனால் பழுது அம்பிளிஃபையர் பக்கம். அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ பழுது. கொழுவும்போது சிவப்பு, கறுப்பு மாறக்கூடாது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பேஸ் சத்தம் ஒன்றையொன்று வெட்டிவிடும்.

அடுத்து முன் துணியைக் கழற்றிப் பாருங்கள். கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் 15, 20 வருசத்தில் உக்கிவிடும். ரப்பர் என்றால் கூடக்காலம் நிற்கும். எங்களுடையது ஃபோம். விரல் பட்டதும் மா மாதிரி உதிர்ந்தது. பழுது அவ்வளவுதான்.

300 டொலருக்குப் புதுசு வாங்கலாமா என்று கடைக்கும் போய்ப் பார்த்தேன். அந்த விலைக்குக் கிடைப்பவை ஐந்து அங்குல வூஃபர் உள்ள சின்னப் பெட்டிகள். பேச்சும் பாட்டும் வடிவாகக் கேட்கும். ஆனால் ஆழமான பேஸுக்குப் பெரிய கோனும் பெட்டிக்குள் இடமும் வேண்டும். எங்களுக்குத் தேவை தொப்பிச் சத்தம்தானே!

புது ஃபோம் வளையமும் பசையும் சேர்ந்த கிட் 45 டொலர். ஒரு சனிக்கிழமை குசினி மேசையில் அப்பா, நான், மகள் மூன்று பேரும் இருந்தோம். பழைய பசையைச் சுரண்டுவதற்கே இரண்டு மணித்தியாலம் போனது. ஒட்டும்போது கோன் நட்ட நடுவில் நிற்க வேண்டும். மெல்ல அமத்திப் பார்க்கும்போது உரசுகிற சத்தம் வந்தால் பிழை. ஒருநாள் காயவிட்டோம். பிள்ளைகளின் போனுக்காக 35 டொலரில் ஒரு புளூடூத் ரிசீவர் வாங்கி ஆக்ஸ் துளையில் கொழுவினேன். ஃபோனோ என்று எழுதிய துளையில் கொழுவாதீர்கள். அது ரெக்கோர்ட் பிளேயருக்கு உரியது. கடைசியாக, சுவரோடு ஒட்டியிருந்த பெட்டிகளை ஓரடி முன்னுக்கு இழுத்தேன். அதற்குக் காசே இல்லை, ஆனால் குழம்பிக் கிடந்த பேஸ் தெளிந்தது.

எல்லாப் பழசையும் திருத்த வேண்டும் என்றில்லை. வொய்ஸ் கொயில் கருகியிருந்தால், ஈரத்தில் பெட்டி ஊதியிருந்தால், ட்வீட்டர் போய் மாற்றுப் பாகமும் கிடைக்காவிட்டால், புதுசு வாங்குவதுதான் புத்தி. திருத்துகிற செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள் என்பது என் கணக்கு.

அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். வயது போகும்போது முதலில் குறைவது கீச்சுச் சத்தங்கள்தான். கனத்த சத்தம் கடைசிவரை ஓரளவு கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தப் பதிவைப் போட்டதும், டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். கை தன்பாட்டில் தொடையில் தாளம் போட்டது.

"அப்பப்பா, உங்களுக்குக் கேக்குதா?" என்று மகள் கேட்டாள்.

"தொப்பி நல்லாக் கேக்குது பிள்ளை. நீ வாசி" என்றார்.

மிச்சம் 220 டொலர். அது டயருக்குப் போயிட்டுது.