இன்டர்நெட் வரவில்லை: கோளாறு எங்கே?

"நேற்று வரை வந்த இன்டர்நெட் இன்று வரவில்லை, என்ன செய்வது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். எதையும் மாற்றுவதற்கு முன்னால், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள் என்பதே என் பதில்.

உங்கள் கம்ப்யூட்டர் ஒரு வெப்சைட்டை அடைய நான்கு இடங்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். கம்ப்யூட்டர், வீட்டில் உள்ள ரவுட்டர், இணைப்புத் தரும் நிறுவனம், வெப்சைட்டின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வர் ஆகியவையே அவை. எந்த இடம் என்று தெரியாமல் செட்டிங்குகளை மாற்றினால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

மொபைல் போனில் வருகிறதா?

முதல் சோதனைக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. உங்கள் மொபைல் போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபை மூலம் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை நிறுத்த மறக்க வேண்டாம். வைஃபை வேலை செய்யாதபோது போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிவிடும். நீங்களும் வைஃபை சரியாக இருப்பதாக நினைத்துவிடுவீர்கள். போனில் வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். போனிலும் வராவிட்டால் ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ.

விளக்குகளைப் பாருங்கள்

ஃபைபர் இணைப்பு என்றால், வயர் வந்து சேரும் பெட்டியில் லாஸ் என்று எழுதிய ஒரு விளக்கு இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது கம்ப்யூட்டரில் எதைச் செய்தும் பயன் இல்லை. இணைப்பு நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். ஃபைபர் வயரைக் கழற்றி அதன் முனையைப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இன்டர்நெட் வரவில்லை என்று வரவழைக்கப்பட்ட ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் பதித்துக் கொடுத்தார். பேரக் குழந்தையின் படங்கள் அத்தனையும் போயின. இன்டர்நெட் அப்போதும் வரவில்லை. பீரோவை நகர்த்தியபோது ஃபைபர் வயர் மடங்கியிருந்தது. சிவப்பு விளக்கு முதலிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டரையே கேளுங்கள்

விளக்குகள் சரியாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு வாருங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் கீயைத் தட்டுங்கள். வரும் கட்டத்தில் ஆங்கிலத்தில் சி, எம், டி ஆகிய மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் கருப்பு விண்டோ ஒன்று திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

வரும் விவரங்களில் இரண்டு வரிகள் போதும். ஐபிவி4 அட்ரஸ் என்பது உங்கள் கம்ப்யூட்டரின் எண். டிஃபால்ட் கேட்வே என்பது ரவுட்டரின் எண். பல வீடுகளில் இது 192.168.1.1 ஆக இருக்கும். உங்கள் எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எண் கொடுக்காததால் கம்ப்யூட்டர் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போட்டு, கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். மீடியா டிஸ்கனெக்டட் என்ற செய்தி எல்லா இணைப்புகளின் கீழும் வந்தால் வயர் கழன்றிருக்கலாம், வைஃபை அணைந்திருக்கலாம், ஏரோப்ளேன் மோட் ஆனாகியிருக்கலாம்.

மூன்று முறை பிங்

அடுத்து, பி, ஐ, என், ஜி என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் எண்ணைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் நான்கு முறை ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். ரிப்ளை என்று தொடங்கும் வரிகளில் நேரமும் சேர்ந்து வந்தால் ரவுட்டர் வரை வழி சரி.

இரண்டாவதாக, 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுங்கள். இது 2009 முதல் கூகுள் நடத்திவரும் டி.என்.எஸ். சர்வரின் எண். ரவுட்டர் பதில் தந்து இது தராவிட்டால், கோளாறு பெரும்பாலும் இணைப்பு நிறுவனத்தின் பக்கம்.

மூன்றாவதாக, எண்ணுக்குப் பதில் கூகுள்.காம் என்ற பெயரை ஆங்கிலத்தில் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டி.என்.எஸ்.தான் கோளாறு. டெலிபோன் வேலை செய்கிறது, ஆனால் டைரக்டரி தொலைந்துவிட்டது என்பது போன்ற நிலை இது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் சென்று, நீங்கள் பயன்படுத்தும் இணைப்பின் விவரங்களைத் திறந்து, டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட் என்ற வரியில் எடிட் தட்டுங்கள். மேனுவல் தேர்ந்தெடுத்து, ஐபிவி4-ஐ ஆன் செய்து 8.8.8.8 என்று கொடுங்கள். பயன் இல்லாவிட்டால் மீண்டும் ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடுங்கள்.

எல்லாம் சரி, தளம் திறக்கவில்லை

மூன்று பிங்குக்கும் பதில் வந்தும் பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். வெப்சைட்டுகளின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு என்பதால் பிரவுசர் அதை ஏற்காது. தேதியைத் திருத்தினால் தளம் திறக்கும். தேதி சரியாக இருந்தும் வங்கித் தளத்தில் எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இவற்றைச் செய்ய வேண்டாம்

ரவுட்டரின் பின்புறம் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்தாதீர்கள். இணைப்பு நிறுவனம் பதிந்து தந்த யூசர் நேம், பாஸ்வேர்டு அழிந்துபோகலாம். விண்டோஸில் உள்ள நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். யாராவது ஃபார்மட் செய்ய வேண்டும் என்றால், மேலே சொன்ன பிங் சோதனைகளை அவர் முன்னால் செய்து காட்டி, கோளாறு எந்த இடத்தில் என்று கேளுங்கள்.

நிறுவனத்துக்குப் போன் செய்யும்போதும் "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரவுட்டருக்குப் பிங் பதில் வருகிறது, 8.8.8.8-க்கு வரவில்லை, லாஸ் விளக்கு எரியவில்லை" என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவது அவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்காது.