கத்திரியில் ஓடலாமா? வெயிலோடு ஈரப்பதத்தையும் பாருங்கள்

மே 4 அன்று கத்திரி தொடங்குகிறது. அதற்குள் பதில் வேண்டும் என்று வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ‘வெப்ப அலை எச்சரிக்கை எதுவும் இல்லையே, வழக்கம்போல ஓடலாம்தானே?’ தொப்பி, இளநீர், உச்சி வெயிலைத் தவிர்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த எச்சரிக்கை எந்தக் கணக்கில் வருகிறது என்பதில்தான் குழப்பம்.

கடலோர ஊரில் வெப்ப அலை என்று வானிலைத் துறை சொல்ல இரண்டு நிபந்தனைகள். அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும்; அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதச் சென்னைக்கு இயல்பே 37-ஐ ஒட்டித்தான். ஆக, 41-ஐத் தாண்டும்வரை இங்கே ஏட்டளவில் வெப்ப அலையே கிடையாது. தாண்டினாலும், குறைந்தது 2 நிலையங்களில் 2 நாள் தொடர்ந்தால்தான், அதுவும் இரண்டாம் நாளில்தான் அறிவிப்பு வரும். இயல்பைவிட எவ்வளவு கூடுதல் என்பது புள்ளிவிவரத்துக்கு உதவும். ஓடுகிற உடம்புக்கு உதவாது. ‘அதிக வெப்பமும் ஈரப்பதமும் இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம்’ என்று தினசரி அறிக்கையில் கடைசியாக ஒரு வரி வருமே, ஓடுபவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

காரணம் வியர்வை. ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆவியானால் மட்டுமே. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது; முழங்கையிலிருந்து சொட்டித் தரையில் விழும். சொட்டிய துளி நீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போகிறதே தவிர, சூட்டைக் குறைப்பதில்லை. ‘நல்லா வேர்த்துக் கொட்டுச்சு’ என்று மெரினாவில் மகிழ்ந்துகொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வியர்வை எந்த அளவுக்கு உலரும் என்பதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றுப் பட வைப்பது. துணி உலர உலர அளவு இறங்கும். எங்கே நிற்கிறதோ அது ஈரக்குமிழ் வெப்பநிலை. பயிற்சியில் வீரர்கள் சுருண்டு விழுவதைத் தடுக்க, 1950-களில் அமெரிக்க ராணுவத்துக்காக இதை வைத்து ஒரு குறியீடு உருவாக்கினார்கள். அதில் ஈரக்குமிழுக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் சூட்டுக்கு 20, சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10. நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போடும் எண்ணுக்கு இதில் அவ்வளவுதான் மதிப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிகாலைச் சென்னையில் 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 26-ஐ ஒட்டி வரும். நண்பகலில் 38 டிகிரி, 45 சதவீதம் என்றால் 28. வெப்பநிலையில் 9 டிகிரி வித்தியாசம். வியர்வை உலர்வதில் 2 தான். வேலூரில் 42 டிகிரி, 20 சதவீதம் என்றால் 24! வேலூர் வெயிலில் ஓடலாம் என்பதல்ல இதன் பொருள். கறுப்புக் கோளத்தின் 20 சதவீதம் அங்கே வேலையைக் காட்டிவிடும். சென்னையின் விடியற்காலை, நாம் நம்புகிற அளவுக்குக் குளிர்ச்சி இல்லை என்பதுதான் பொருள்.

நம்பாதவர்களுக்குத் தோஹா சாட்சி. 2019 உலகத் தடகளத்தில், வெயிலுக்குத் தப்ப மகளிர் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். வெயில் இல்லை; ஆனால் 32 டிகிரிக்கு மேல் சூடும் 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருந்தன. தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அத்தனை பேரும் தேர்ந்த வீராங்கனைகள்.

ஆகவே நேரத்தை மட்டும் மாற்றினால் போதாது, வேகத்தையும் குறைக்க வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரம் பாதித் தூரம், பேசிக்கொண்டே போக முடிகிற வேகம். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

மற்ற கேள்விகள்:

எவ்வளவு தண்ணீர்? தாகத்துக்கு ஏற்ப. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

எடை குறைய பிளாஸ்டிக் ஜாக்கெட்? குறைவது தண்ணீர், கொழுப்பல்ல.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள்? நீர் பிரியும் மாத்திரையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஓடுங்கள்.

எப்போது நிறுத்துவது? தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் சிலிர்ப்பு. இதில் ஒன்று வந்தாலும் உடனே.

ஒருவர் உளறினால், தடுமாறினால்? ஹீட் ஸ்ட்ரோக் என்றே கொள்ளுங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கத்திரி முடிந்ததும் பழையபடி ஓடலாமா? கத்திரி பஞ்சாங்கக் கணக்கு. சென்னையின் புழுக்கம் ஜூனிலும் ஓயாது.