சிறப்புக் கல்வி ஆசிரியர்: பதிவு எண்ணும் பணி நிலையும்

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கற்பிப்பதைப் பொறுமையும் இரக்கமும் உடைய எவரும் மேற்கொள்ளக்கூடிய தொண்டு என்றே நம் சமூகம் நெடுங்காலம் கருதிவந்துள்ளது. ஆனால் இந்தியச் சட்டம் அதனை மருத்துவத்தையும் வழக்கறிஞர் பணியையும் போலவே, உரிய கல்வி கற்றுப் பதிவு பெற்றவர் மட்டுமே செய்யத்தக்க தொழிலாக வரையறுத்திருக்கிறது. ஆர்.சி.ஐ. எனச் சுருக்கமாக வழங்கப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தால் சட்டத் தகுதி பெற்ற அமைப்பாகும். சிறப்புக் கல்விப் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பதும், அவற்றை நடத்தும் நிறுவனங்களுக்கு அனுமதி அளிப்பதும், தேர்ச்சி பெற்றோரை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்த்து எண் வழங்குவதும் அதன் பொறுப்புகள். அந்த எண் இல்லாமல் இத்தொழிலை நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு.

பிளஸ் 2 முடித்தோர் சிறப்புக் கல்வியில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம்; பட்டதாரிகளுக்குச் சிறப்பு பி.எட். படிப்பு உள்ளது, அதுவும் இப்போது இரண்டாண்டுக் காலம் கொண்டது. அதற்கு மேல் எம்.எட்., ஆய்வுப் பட்டம் என்று வழி நீள்கிறது. தமிழ்நாட்டில் முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகமும் இப்படிப்புகளை நடத்துகின்றன. ஏற்கெனவே பணியில் இருப்போருக்கு உதவும் வகையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் சிறப்பு பி.எட். அளித்துவருகிறது. பட்டம் பெற்றதோடு கடமை முடிவதில்லை. பதிவைக் குறித்த காலத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளில் தொடர் கல்விப் பயிற்சிகளில் பங்கேற்றுப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

பொதுக் கல்வியில் பி.எட். பயில்வோர் கணிதம், தமிழ் என்று பாடத்தைத் தேர்ந்தெடுப்பதைப் போலச் சிறப்புக் கல்வியில் குறைபாட்டு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, எழுத்தையும் எண்ணையும் கையாள்வதில் மட்டும் இடர்ப்பாடு காட்டும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் என்று பிரிவுகள் அமைந்துள்ளன. எல்லாப் பிரிவினரும் பிற குறைபாடுகளைப் பற்றிய அறிமுகப் பாடங்களையும் களப் பயிற்சியையும் பெறுகின்றனர் என்றாலும், ஒரு பிரிவின் நுட்பம் மற்றொன்றில் பெரும்பாலும் பயன்படுவதில்லை என்பதைப் பணி நியமனம் செய்வோர் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

செவித்திறன் குறைபாட்டுப் பிரிவில் பயின்றவர் ஒரு வகுப்பை எவ்வாறு தொடங்குகிறார் என்று பார்த்தால் இது விளங்கும். குழந்தை உதட்டசைவைப் பார்த்துவிடாதபடி, மெல்லிய துணி பொருத்திய வளையத்தால் தம் வாயை மறைத்துக்கொண்டு, ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளை முன்பின்னாக மாற்றி ஒவ்வொன்றாக அவர் ஒலிக்கிறார். ஒலி கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு மணியை எடுத்துக் கிண்ணத்தில் போடுகிறது. மகாரம் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் ஸகாரம் மிக உயர்ந்த அதிர்வெண்ணிலும் அமைவதால், இந்த ஆறும் பேச்சொலிகளின் முழு வரம்பையும் அளந்துவிடுகின்றன. நேற்று வரை ஸகாரத்துக்கு மணி போட்ட குழந்தை இன்று பேசாமல் இருந்தால், செவித்துணைக் கருவியின் மின்கலத்தையோ காதில் பொருந்தும் அச்சையோ உடனே சோதிக்க வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தச் சில நிமிடச் சோதனை தவறினால், குழந்தை அன்றைய பாடம் முழுவதையும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டே அமர்ந்திருக்க நேரிடும்.

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தையிடம் முறை வேறு. கால்சட்டை அணிவது போன்ற அன்றாடச் செயலை ஆசிரியர் சிறுசிறு படிகளாகப் பிரித்து, முதல் படிகள் அனைத்தையும் தாமே செய்து, முழங்காலிலிருந்து இடுப்பு வரை இழுத்துவிடும் கடைசிப் படியை மட்டும் குழந்தையிடம் விடுகிறார். அது கைவந்த பின் அதற்கு முந்தைய படியையும் குழந்தையிடமே ஒப்படைக்கிறார். பின்னிருந்து முன்னோக்கி நகரும் இம்முறையில் ஒவ்வொரு முயற்சியும் செயல் நிறைவேறிய மகிழ்ச்சியோடு முடிவதால் குழந்தை சோர்வதில்லை. இத்தகைய இலக்குகளைப் பெற்றோருடன் கலந்து முடிவு செய்து, எப்போது, எவ்வாறு மதிப்பிடுவது என்பதையும் குறித்து எழுதும் ஆவணமே தனிநபர் கல்வித் திட்டம் எனப்படுகிறது. இதை எழுதத் தெரிவதுதான் இப்பயிற்சியின் மையம் என்று கூறலாம்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, சிறப்புப் பள்ளிகள் மட்டுமே இடம் தந்த காலம் மாறிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் தொடர்பான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டிருந்தது; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த எண்ணிக்கையை 21 ஆக உயர்த்தியதோடு, எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து பயிலும் உள்ளடக்கிய கல்வியை அரசின் கடமையாகவும் ஆக்கியது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்குப் பணியிடங்கள் உண்டு. தமிழக அரசுப் பள்ளிகளில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் அமர்த்தப்படும் சிறப்புப் பயிற்றுநர்கள், பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்வதுடன், படுக்கையை விட்டு எழ இயலாத குழந்தைகளுக்கு வீடு தேடிச் சென்றும் கற்பிக்கின்றனர். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் குழந்தைக்குப் பெற்றுத் தருவதற்கான ஆவணப் பணிகளிலும் பெற்றோருக்குத் துணை நிற்பவர்கள் அவர்களே.

இவ்வளவு தகுதியைச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டு, அத்தகுதியோடு வருபவரை ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வைத்திருப்பது நியாயமன்று. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அளித்த ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கின் தீர்ப்பு, தொடக்கநிலையில் மாற்றுத்திறன் கொண்ட 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் அத்தகைய 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை முன்வைத்தது. பல மாநிலங்கள் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்காத நிலையில், 2025 மார்ச்சில் மீண்டும் தலையிட்ட நீதிமன்றம், பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்குமாறும், ஏற்கெனவே ஒப்பந்த முறையில் பணியாற்றுவோரின் தகுதியைக் குழு அமைத்து ஆராயுமாறும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழுக்கள் பதிவு எண்ணைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாமல், இவ்வாசிரியர்களின் கடந்த காலப் பணி ஆண்டுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவரவர் பயின்ற குறைபாட்டுப் பிரிவுக்கு ஏற்ற குழந்தைகள் பயிலும் பள்ளிகளிலேயே அவர்களை நியமிக்கவும் வேண்டும்.