குறி சொல்லும் வாய் யாருடையது?

தேனி, கம்பம் பக்கத்து ஊர்களில் ஆடு மாடு காணாமல் போனால், முதலில் காடு கரை எல்லாம் தேடுவார்கள். கிடைக்காவிட்டால், சிலர் கோடாங்கியிடம் போவார்கள்.

கோடாங்கி என்பது உடுக்கையின் பெயர். அதை அடித்துக் குறி சொல்லுபவருக்கும் அதுவே பெயர் ஆகிவிட்டது.

வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், காணிக்கை எல்லாம் வைக்கப்படும். உடுக்கைச் சத்தம் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். கோடாங்கியின் உடல் நடுங்கும். குரல் மாறும். "சாமி இறங்கிவிட்டது" என்று கூட்டம் கை கூப்பும். அதன் பிறகு வருவது அவருடைய பேச்சு அல்ல. சாமியின் வாக்கு!

குறி முடிந்ததும், "சாமி மலையேறிவிட்டது" என்பார்கள். கோடாங்கி பழையபடி சாதாரண மனிதர் ஆகி, ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். "சற்று முன் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்பவர்களும் உண்டு.

அப்படியானால் பேசியது யார்? அந்த நேரத்தில் அவருடைய சொந்தப் புத்தி எங்கே போயிருந்தது? அந்த வார்த்தையை எப்படி நம்புவது?

இந்தக் கேள்வி புதியது அல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, எகிப்து நாட்டில், ஒரு யூத அறிஞர் இதைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன விளக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் சொல்லுவது போலவே இருக்கிறது!

மிளகு போன ஊர்

அவர் பெயர், பைலோ. ஊர், அலெக்சாண்டிரியா. கிரேக்க மன்னன் அலெக்சாண்டர் கி.மு. 331-ல் உண்டாக்கிய பட்டணம் அது.

அந்தப் பட்டணத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த மிளகு, சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. கடலைக் கடந்து எகிப்தில் இறங்கியது. ஒட்டகத்தின் முதுகில் பாலைவனத்தைத் தாண்டியது. பிறகு நைல் நதியில் படகேறி, அலெக்சாண்டிரியா போய்ச் சேர்ந்தது.

இது கதை அல்ல. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, இந்தியப் பானை ஒன்றில் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்தது.

பைலோவின் குடும்பம் பெரிய பணக்காரக் குடும்பம். அந்தச் செங்கடல் துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற ரசீதுகள், பானை ஓடுகளில் எழுதப்பட்டவை, கிடைத்திருக்கின்றன. அவற்றில் மார்க்கஸ் என்ற ஒருவர் பெயர் வருகிறது. அவர் பைலோவின் சகோதரர் மகன் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

புத்தகத்துக்குத் திருவிழா

அலெக்சாண்டிரியாவில் யூதர்கள் ஏராளமாக வாழ்ந்தார்கள். நாளடைவில் அவர்களுடைய பேச்சு மொழி கிரேக்கம் ஆகிவிட்டது. அதனால், எபிரேய மொழியில் இருந்த வேதம் கி.மு. 3-ம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

அந்த வேலையைச் செய்தவர்கள் 72 பேர் என்பது பழைய வரலாறு. தனித்தனியே எழுதிய போதும், காதில் யாரோ சொல்லிக் கொடுத்தது போல எல்லோரும் ஒரே வார்த்தைகளை எழுதினார்கள் என்று பைலோ சொல்லுகிறார். அதைக் கொண்டாட, ஆண்டுதோறும் மக்கள் படகேறி ஒரு தீவுக்குப் போவார்களாம். ஒரு மொழிபெயர்ப்புக்குத் திருவிழா!

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிரேக்க மொழியில் குறிகாரருக்கு "மாந்திஸ்" என்று ஒரு சொல் உண்டு. பறவை பறப்பதைப் பார்த்தும், பலி ஆட்டின் ஈரலைப் பார்த்தும் பலன் சொல்லுபவர் அவர். "புரொபேதிஸ்" என்று இன்னொரு சொல்லும் உண்டு. தெய்வத்தின் சார்பாகப் பேசுபவர் என்று பொருள்.

யூதர்கள் தங்கள் மகான்களுக்கு இரண்டாவது சொல்லையே எடுத்துக் கொண்டார்கள். குறிகாரர் வேறு, இறைவன் வார்த்தையைக் கொண்டு வருபவர் வேறு என்று பிரித்து வைத்தார்கள். தமிழிலும் அப்படித்தான். நாம் கோடாங்கியைத் தீர்க்கதரிசி என்று சொல்லுவது இல்லை அல்லவா?

ஆனால் சாதாரண ஜனங்களுக்கு இந்த வித்தியாசம் எப்போதும் தெரிந்திருக்கவில்லை. சவுல் என்ற இளைஞன் தன் தகப்பனாரின் கழுதைகள் காணாமல் போனதும், சாமுவேல் என்ற தீர்க்கதரிசியைத் தேடிப் போனான். காணிக்கைக்குக் கையில் கொஞ்சம் வெள்ளி இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டே போனான் என்று யூத வேதமே சொல்லுகிறது. கம்பத்துக்காரர் கோடாங்கி வீட்டுக்குப் போவது போலத்தான்!

சூரியன் மறைந்தால்...

பேசுவது யார் என்ற கேள்விக்குப் பைலோ கூறிய விளக்கம் இதுதான்:

மனிதனுடைய புத்தி ஒரு சூரியன். அது பிரகாசிக்கும் வரை மனிதன் தன் எண்ணத்தையே பேசுவான். தெய்வ ஒளி உதிக்கும்போது மனித ஒளி மறைகிறது. தெய்வ ஆவி வந்ததும் புத்தி வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியே போகிறது. ஆவி நீங்கியதும் திரும்பி வருகிறது. தீர்க்கதரிசி ஒரு வாத்தியம். வாசிப்பவர் வேறு.

"இறங்கியது", "மலையேறியது" என்று தேனிப் பக்கத்தில் இரண்டே வார்த்தையில் சொல்லி விடுகிறார்கள்.

கூலிக்குக் குறி சொன்ன ஒருவரின் கதையையும் பைலோ எழுதியிருக்கிறார். அவர் பெயர் பிலேயாம். யூதர்களைச் சபிப்பதற்காக, ஓர் அரசன் அவரைக் காசு கொடுத்து அழைத்தான். வழியில் நின்ற தேவதூதன் அவர் ஏறிவந்த கழுதையின் கண்ணுக்குத் தெரிந்தான். குறிகாரரின் கண்ணுக்குத் தெரியவில்லை! கடைசியில் சபிக்க வாயைத் திறந்தார். வந்ததோ ஆசீர்வாதம். வார்த்தை அவர் கையில் இல்லை என்பதுதான் கதையின் கருத்து.

இரண்டு சோதனைகள்

இதில் ஒரு சிக்கல் உண்டு. உடல் நடுங்குவதும் குரல் மாறுவதும் எல்லோரும் செய்யக் கூடியவை. உண்மை எது, வேஷம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யூத வேதம் இரண்டு சோதனைகளைச் சொல்லுகிறது. ஒன்று: சொன்னது நடக்கவில்லை என்றால், அது கடவுள் வார்த்தை அல்ல. இரண்டு: சொன்னது நடந்தாலும் கூட, அது உன்னைத் தவறான வழிக்கு இழுத்தால், அதைக் கேட்காதே.

முதல் சோதனையில் ஒரு கஷ்டம். நடந்ததா, இல்லையா என்று பார்க்கும் வரை காத்திருக்க நேரம் வேண்டும். அந்த நேரம் இல்லாமல் போனால்?

எருசலேமில் அதுதான் நடந்தது.

யாரும் நம்பாத விவசாயி

கி.பி. 66-ல் யூதர்கள் ரோமாபுரி ஆட்சியை எதிர்த்துப் போர் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த யோசேப்பஸ் என்ற யூதர், அந்தப் போரின் வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதி வைத்தார்.

அதில் ஒரு விவசாயி வருகிறார். படிப்பு இல்லாத சாதாரண கிராமத்தார். போருக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, ஊர் செழிப்பாக இருந்தபோதே, திருவிழாவுக்கு வந்த அவர் திடீரென்று கத்தத் தொடங்கினார். எருசலேமுக்குக் கேடு வருகிறது என்று இரவு பகலாகத் தெருத்தெருவாகச் சொல்லிக் கொண்டு திரிந்தார்.

பெரிய மனிதர்களுக்குக் கோபம். அவரைப் பிடித்து அடித்தார்கள். ரோமானிய அதிகாரி எலும்பு தெரியும்படி சவுக்கால் அடிக்கச் செய்தார். அவர் கெஞ்சவில்லை. அழவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அதே வார்த்தையைச் சொன்னார். "பைத்தியம்" என்று விட்டுவிட்டார்கள்.

அடித்தவரை அவர் திட்டவில்லை. சோறு கொடுத்தவருக்கு நன்றி சொல்லவும் இல்லை. 7 ஆண்டுகள் 5 மாதங்கள் ஒரே வார்த்தை! கடைசியில், ரோமானியப் படை ஊரைச் சுற்றி வளைத்திருந்தபோது, மதில் மேல் நின்று கத்திக் கொண்டிருந்தவர், எறிபொறியில் இருந்து வந்த கல் பட்டு இறந்தார்.

கி.பி. 70-ல் எருசலேம் விழுந்தது. கோவில் தீப்பற்றி எரிந்தது.

எல்லோரும் நம்பியவர்

அதே நாளில் இன்னொரு குறியும் சொல்லப்பட்டது. "கோவிலுக்குப் போங்கள். கடவுள் இன்று காப்பாற்றுவார்" என்ற கருத்தில் ஒருவர் அறிவித்தார். கேட்க இனிமையான வார்த்தை. ஜனங்கள் நம்பினார்கள். பெண்கள், குழந்தைகள் உள்பட சுமார் 6,000 பேர் கோவில் மண்டபம் ஒன்றில் கூடினார்கள். ரோமானியச் சிப்பாய்கள் அந்த மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை என்று யோசேப்பஸ் எழுதுகிறார்.

ஜனங்கள் ஊரை விட்டு ஓடிவிடாமல் தடுக்க, தலைவர்களே இப்படிப்பட்ட ஆட்களைத் தயார் செய்திருந்தார்கள் என்றும் அவர் கூறுகிறார்.

யோசேப்பஸ் மட்டும் என்ன? அவரும் ஒரு குறி சொன்னவர்தான். கி.பி. 67-ல் ரோமானியரிடம் கைதியாகப் பிடிபட்டபோது, தளபதி வெஸ்பாசியனைப் பார்த்து, "நீர் சக்கரவர்த்தி ஆவீர்" என்றார். கி.பி. 69-ல் அது பலித்தது. யோசேப்பஸ் விடுதலை பெற்றார். வெஸ்பாசியனின் குடும்பத்தார் ஆதரவில் ரோமாபுரியில் சுகமாக வாழ்ந்தார். பலித்த குறிதான், ஆனாலும் அவரைத் தீர்க்கதரிசி என்று யூதர்கள் கொண்டாடவில்லை.

விவசாயிக்கு ஒரு காசு லாபம் இல்லை. கிடைத்தது சவுக்கடி மட்டுமே.

கேட்பவர் புத்தி

காணாமல் போன மாடு கிழக்கே இருக்கிறது என்று குறி வந்தால், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

"உன் பங்காளி வீட்டில்தான் செய்வினை வைத்திருக்கிறார்கள்" என்று குறி வந்தால்? அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிடும். பிள்ளையின் காய்ச்சலுக்கு, "டாக்டர் வேண்டாம், மூன்று வெள்ளிக்கிழமை பொறு" என்று குறி வந்தால்? அந்தப் பிள்ளைக்கு மூன்று வெள்ளிக்கிழமை இருக்குமோ, இருக்காதோ!

பைலோ சொன்னபடி, குறி சொல்லுபவரின் புத்தி அந்த நேரத்தில் வெளியே போகலாம். கேட்பவரின் புத்தியும் கூடவே போக வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை.

உடுக்கை நிற்கிறது. சாமி மலையேறுகிறது. கோடாங்கி தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அந்த வார்த்தையைச் சுமந்து கொண்டு மலையடிவாரத்தில் வாழ வேண்டியவர், அதைக் கேட்டவர்தான்.