மூக்குக்கு ஒரு பள்ளிக்கூடம்

தை, மாசி மாதங்களில் அரூர்ப் பக்கம் பேருந்தில் வந்திருக்கிறீர்களா? அறுவடையான மஞ்சளை வேக வைக்கும் காலம் அது. களம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் நெடி சன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். வண்டி இன்னும் சற்று ஓடியதும் நெடி திடீரென்று அறுந்துபோகும். களம் அருகில்தான் இருக்கும். ஆனால் நாம் காற்றின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டோம்.

மணம் விளக்கொளியைப் போல நாற்புறமும் சமமாகப் பரவுவதில்லை. அடுப்புப் புகையைப் போலக் காற்றடிக்கும் திசையில் விரிந்துகொண்டே செல்கிறது. பிறந்த இடத்தில் குறுகலாகவும், தொலைவில் அகலமாகவும் இருக்கிறது. இதை நாம் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் பேருந்தில் உட்கார்ந்தபடி உணர்கிறோம். உங்கள் வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கும் நாயோ இதை நாள் முழுவதும் உணர்ந்துகொண்டே இருக்கிறது. உணர்ந்து என்ன பயன்? சங்கிலியின் நீளம் ஆறடி.

எங்கள் வீட்டு மணியும் அப்படித்தான் மூன்று ஆண்டுகள் கிடந்தான். செந்நிற நாட்டு நாய். தெருவில் யார் போனாலும் குரைப்பான், சங்கிலியைக் கடிப்பான். "எங்கேயாவது கொண்டு போய் விட்டுவிடுங்கள்" என்று தெருவில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அடித்துப் பார்த்தோம். அடித்த அன்று அடங்குவான், மறுநாள் முன்னிலும் மோசம். அந்த நிலையில்தான் மோப்ப விளையாட்டைப் பற்றிப் படித்தேன்.

பெருநகரங்களில் வளர்ப்பு நாய்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. உட்கார், நில், வா, என் பக்கத்திலேயே நட என்பவையே அங்கு பெரும்பாலும் பாடம். இவை தேவையானவைதாம். ஆனால் மேல்நாடுகளில் இன்னொரு வகை வகுப்பும் பரவியிருக்கிறது. 2006-இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், மோப்ப நாய்களைப் பழக்கிய அனுபவமுள்ள மூவர் அதைத் தொடங்கினார்கள். காவல்துறை நாய் வெடிகுண்டைத் தேடுவதுபோல, வீட்டு நாய் ஒரு குறிப்பிட்ட மணத்தைப் பொழுதுபோக்காகத் தேட வேண்டும். அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்த மணங்கள் மூன்று: பிர்ச் என்னும் குளிர்நாட்டு மரத்தின் தைலம், சோம்பு, கிராம்பு. மூன்றில் இரண்டு நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பவை! அரூரில் இருந்துகொண்டு வகுப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை, திண்ணையே போதும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

நாயின் மூக்கு என்னும் கருவி

நம் மூக்கில் மணத்தை அறியும் செல்கள் சுமார் 50 முதல் 60 லட்சம் இருக்கின்றன. நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடி முதல் 30 கோடி வரை. இந்தச் செல்களில் மண மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உள்ளன. அவற்றுக்கான மரபணுக்களின் பெருங்குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள்.

எண்ணிக்கை மட்டுமே நாயின் திறமைக்குக் காரணமன்று. நாம் மூச்சு விடும் வழியிலேயே மோந்தும் பார்க்கிறோம். நாயின் மூக்குக்குள் காற்று இரண்டாகப் பிரிகிறது. உள்ளே வரும் காற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மட்டும் மூக்கின் பின்புறத்தில் மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் அறைக்குப் போகிறது. மணம் அறியும் செல்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. மற்றது நுரையீரலுக்குப் போய்விடுகிறது. மோப்பம் பிடிக்கும்போது நாய் நொடிக்கு ஐந்து முறை அளவில் காற்றை இழுத்து விடுகிறது. விடும் காற்று எங்கே போகிறது? மூக்குத் துளையின் பக்கவாட்டில் உள்ள பிளவைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் வழியாகப் பின்னோக்கிப் போகிறது. ஆகவே எதிரே உள்ள மணம் கலைவதில்லை. அந்த ஓட்டமே புதுக் காற்றை முன்புறம் இழுத்தும் கொடுக்கிறது. நல்ல பொறியாளர் ஒருவர் வரைந்து கொடுத்ததுபோல் இருக்கிறது அல்லவா?

"இதெல்லாம் சீமை நாய்களுக்குத்தான், நம் நாட்டு நாய்க்கு ஓடவும் குரைக்கவும் மட்டுமே தெரியும்" என்று சிலர் நினைப்பதுண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. 2021 பிப்ரவரியில் நம் ராணுவம், கொரோனாத் தொற்றை மோப்பத்தால் கண்டறியும் நாய்களைத் தில்லியில் செய்தியாளர்களுக்குக் காட்டியது. அவை ராணுவக் கால்நடை மருத்துவப் படை பழக்கிய நாய்கள். நோய் தொற்றினால் உடல் வெளியிடும் ஆவிப் பொருள்கள் மாறுகின்றன. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றின் மாதிரிகளை மோந்து அந்த மாற்றத்தை அவை அறிந்தன. அங்கே வந்த நாய்களில் ஒன்று சீமை இனமான காக்கர் ஸ்பேனியல். மற்றவை நம் தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறை இனத்தவை. சிப்பிப்பாறை என்றால் கண்ணால் முயலைப் பார்த்துக் காலால் துரத்தும் வேட்டை நாய் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கும் மூக்கு இருக்கிறது என்பதை நாம் கேட்டுப் பார்த்ததே இல்லை! அந்தச் சிப்பிப்பாறை நாய்களின் பெயர் ஜயா, மணி. தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு மணி என்றுதான் பெயர் என்பதால் எங்கள் மணிக்கு இதில் தனிப்பெருமை கிடையாது.

தேடினால் நாய்க்கு என்ன லாபம்?

2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு அழகாக விடை சொல்கிறது. நாயின் மனநிலையை அளக்க முடியுமா? ஆய்வாளர்கள் இப்படிச் செய்தார்கள். அறையின் ஒரு பக்கத்தில் கிண்ணம் வைத்தால் அதில் எப்போதும் தீனி இருக்கும். மறுபக்கத்தில் வைத்தால் எப்போதும் காலி. நாய் இதைக் கற்றுக்கொண்டு, ஒரு பக்கக் கிண்ணத்துக்கு ஓடும், மறுபக்கக் கிண்ணத்துக்கு மெல்லப் போகும். பிறகு கிண்ணத்தை நட்ட நடுவில் வைத்தார்கள். இப்போது நாய்க்குச் சந்தேகம். "இருக்கும்" என்று நம்பும் நாய் விரைந்து போகும். "எங்கே இருக்கப்போகிறது" என்று எண்ணும் நாய் தயங்கும். இந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டும், மற்றவற்றுக்கு எசமானர் பக்கத்திலேயே நடக்கும் பயிற்சியும் தந்தார்கள். இரு கூட்டத்துக்கும் தீனிப் பரிசு உண்டு. பிறகு மீண்டும் நடுக் கிண்ணம் வைத்தபோது, மோப்பம் பழகிய நாய்கள் முன்னைவிட விரைந்து போயின. பக்கத்தில் நடக்கப் பழகியவற்றில் மாற்றம் இல்லை. பரிசு ஒன்றுதான். ஆனால் தானே தேடிக் கண்டுபிடித்த நாய்க்கு நம்பிக்கை வளர்ந்திருக்கிறது.

அடித்துப் பழக்குவதைப் பற்றியும் ஒரு சேதி சொல்ல வேண்டும். 2020-இல் போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் பயிற்சிப் பள்ளிகளில் படிக்கும் 92 வீட்டு நாய்களைச் சோதித்தார்கள். தண்டனை கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்கு, பயிற்சிக்குப் பிறகு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன உளைச்சல் சுரப்பு கூடியிருந்தது. கிண்ணச் சோதனையிலும் அவை தயங்கின. எங்கள் வீட்டுத் தடி அன்றே விறகோடு சேர்ந்தது.

விளையாட்டு முறை

நான்கு அட்டைப் பெட்டிகள் போதும். முதல் வாரம் ஏதேனும் ஒரு பெட்டியில் வேக வைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றைப் போட்டு, நாயை அவிழ்த்து விட்டு, "தேடு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். (இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.) தவறான பெட்டிக்குப் போனால் அதட்டக் கூடாது. அங்கே ஒன்றும் இல்லை என்பதே போதுமான பாடம்.

இரண்டாம் வாரம் ஒரு சிறு தகர டப்பியின் மூடியில் துளைகள் இட்டு, உள்ளே நாலைந்து கிராம்பு போட்டு, அதை ஈரலின் பக்கத்தில் வையுங்கள். கிராம்பு மணமும் ஈரலும் நாயின் மனத்தில் இணையும். மணியோசைக்கு நாய் உமிழ்நீர் சுரந்த பாவ்லவின் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் டப்பி மட்டும். நாய் சரியான பெட்டியில் மூக்கை வைத்து நின்றதும், அந்த இடத்திலேயே, இரண்டு நொடிக்குள் ஈரலைக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது. கிராம்புத் தைலம் வேண்டாம். அது நாயின் மூக்கையும் நாவையும் எரிக்கும். டப்பியை நாய் கடித்துத் திறக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. டப்பியை எடுத்த கையால் ஒரு பெட்டியை மட்டும் தொட்டால், நாய் கிராம்பை விட்டுவிட்டு உங்கள் கையின் மணத்தைத் தேடிப் போய்விடும். எப்போதும் ஒரே பெட்டியில் வைத்தால் பெட்டியைக் கற்றுக்கொள்ளும். ஆகவே நான்கு பெட்டிகளையும் ஒரே மாதிரி தொடுங்கள். கிராம்பு இல்லாத டப்பிகளை மற்ற மூன்றிலும் வையுங்கள்.

இவ்வளவும் செய்தேன். நான்காம் வாரம் மணி 10-க்கு 9 எடுத்தான். பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க எந்தப் பெட்டியைப் பார்க்கிறீங்களோ அதைத்தான் மணி காட்டுது" என்றாள்.

சோதித்துப் பார்த்தோம். நான் திரும்பி நிற்க, அவள் டப்பியை ஒளித்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். இடம் எனக்குத் தெரியாது. மணி 10-க்கு 3. நான்கு பெட்டிகளில் குருட்டாம்போக்கில் தேடினாலே இரண்டு மூன்று சரியாக வரும்! நான் மோப்பம் கற்பித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனோ என் கண்ணைப் படிக்கக் கற்றிருந்தான்.

விஞ்ஞான வரலாற்றில் இந்தத் தவறுக்குப் பெரிய பெயர் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை, கணக்குக்கு விடையைக் காலால் தட்டிச் சொல்லி ஊரையே மயக்கியது. 1907-இல் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர், கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரிவதில்லை என்று காட்டினார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் சற்றே அசைந்தன. குதிரை அதைப் பார்த்துக் காலை நிறுத்தியது.

குதிரை வித்தையோடு போனால் பரவாயில்லை. 2011-இல் அமெரிக்காவில் வெடிமருந்து, போதைப்பொருள் தேடும் 18 நாய்களையும் அவற்றை நடத்துபவர்களையும் ஒரு கட்டடத்தில் தேட விட்டார்கள். அங்கே அப்படிப்பட்ட பொருள் எதுவுமே இல்லை. ஆனால் மணம் இருக்கும் இடத்தைச் சிவப்புத் தாள் காட்டும் என்று நடத்துபவர்களிடம் சொல்லியிருந்தார்கள். "நாய் காட்டிவிட்டது" என்று 200 தடவைக்கு மேல் அவர்கள் சொன்னார்கள். சிவப்புத் தாள் இருந்த இடங்களில் அது அதிகம். நாய் காட்டிய இடத்தில் ஒருவரைச் சோதனையிடலாம், கைது செய்யலாம் என்றிருக்கும்போது இந்தப் பிழையின் விலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே உங்கள் வீட்டிலும் ஒளிப்பவர் வேறு, நாயோடு நிற்பவர் வேறாக இருக்கட்டும். எந்தப் பெட்டி என்பதை இரண்டு நாணயங்களைச் சுண்டி முடிவு செய்யுங்கள். பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை என நான்கு வழிகள், நான்கு பெட்டிகள். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இப்படி நடத்தி 10-க்கு 8 அல்லது அதற்கு மேல் வந்தால், அது வெறும் அதிர்ஷ்டத்தால் வர ஏறத்தாழ 2,400-இல் ஒரு வாய்ப்புத்தான். உங்கள் நாய் உண்மையிலேயே மோக்கிறது என்று நம்பலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. இரைக்கும் நாயால் சரியாக மோக்க இயலாது. அதோடு வெயில் ஏறிய தரையிலிருந்து காற்று மேலெழும்பி மணத்தையும் கலைத்துவிடும். விடியற்காலைக் குளிர் காற்றோ தரையை ஒட்டிக் கிடக்கும். நம் சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் பத்து நிமிடம் விளையாடினால் போதும். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் போட்ட பிறகே பக்கத்து வீட்டுக் குழந்தைகளை இதில் சேர்க்க வேண்டும். மனிதரைக் கடித்துப் பழகிய நாய்க்கு இந்த விளையாட்டு மருந்தாகிவிடாது. அதை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மணி இன்னமும் குரைக்கிறான். ஆனால் விளையாடிய காலைகளில் பத்து மணி வரை தூங்குகிறான். தெருவில் பேச்சும் நின்றிருக்கிறது. திண்ணையில், நான் இடம் அறியாமல் நிற்க, இரண்டு மாதப் பழக்கத்துக்குப் பின் 10-க்கு 8 வந்தது. நோட்டில் எழுதியவள் அந்தச் சிறுமி. போன வாரம் பெட்டிகளைப் புளியமரத்தடிக்குக் கொண்டு போனோம். அங்கே காற்று ஒரு திசையில் நில்லாமல் சுழல்கிறது. முதல் நாள் கணக்கு 10-க்கு 5.