பாவிகம்

மலர் பலவற்றை ஒருங்கு தொடுத்து நிற்பது நார். மாலையைக் காண்போர் மலர்களின் நிறத்தையும் மணத்தையும் வியப்பாரேயன்றி, உள்ளே மறைந்துள்ள நாரினை எண்ணார். எனினும், நார் அறுந்தால் மாலை இல்லை. உதிரிப் பூக்களே எஞ்சும். நாடு, நகர், கடல், மலை என்னும் வருணனைகளும், மணம், பிரிவு, போர் முதலிய நிகழ்ச்சிகளும் காப்பியத்தின் மலர்கள். அவையனைத்தையும் ஊடுருவி நின்று ஒன்றுபடுத்தும் கருத்தினை நம் முன்னோர் 'பாவிகம்' என்றனர்.

வடமொழியில் தண்டி என்பார் இயற்றிய காவியாதரிசத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அணிநூல் தண்டியலங்காரம். அதன் பொருளணியியல் 35 அணிகளைக் கூறுகின்றது. அவற்றுள் இறுதியாக வைக்கப்பட்டது பாவிகம். 'பாவம்' என்னும் வடசொற்குக் கருத்து என்பது பொருள். புலவன் உள்ளத்தில் கொண்ட கருத்தே ஈண்டுக் குறிக்கப்படுகின்றது.

உவமை, உருவகம் முதலிய அணிகளைத் தனிச் செய்யுள் ஒன்றிலேயே சுட்டிக் காட்டலாம். பாவிகமோ அத்தகையதன்று. அது காப்பியம் முழுவதற்கும் உரிய பண்பு. எனவே, நூல் முழுவதையும் நோக்குவார்க்கே புலனாகும். பிறன்மனை நயந்தவன் தன் சுற்றத்தோடும் அழிவான் என்பது இராமகாதையின் பாவிகம் என்பர். இராவணன் ஒருவன் செய்த பிழையால் கும்பகருணனும் இந்திரசித்தும் மாண்டமை அதற்குச் சான்றாம்.

சிலப்பதிகாரத்தின் பாவிகத்தை நாம் தேடி அலைய வேண்டுவதில்லை. நூலின் பதிகமே அதனை உணர்த்துகின்றது. ஆட்சியில் தவறிய அரசனை அறமே கொல்லும். கற்பிற் சிறந்தாளைச் சான்றோர் வணங்குவர். முன்னை வினை தன் பயனை ஊட்டியே தீரும் என்பன அம்மூன்று உண்மைகள்.

இவை நூலுள் இயங்கும் திறத்தைக் காண்போம். கண்ணகியின் சிலம்பினின்று மாணிக்கப் பரல் தெறித்த அளவில், தன் தீர்ப்புப் பிழையென உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே வீழ்ந்து உயிர் நீத்தான். அவனைக் கொன்றது வாளன்று, அறமே. வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுத்தான். குற்றமற்ற கோவலன் கொலையுண்டதேன் என்னும் வினாவிற்கு மதுராபதித் தெய்வம் விடை பகர்ந்தது: முற்பிறப்பில் அவன் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான்; அவ்வினையே வந்து சூழ்ந்தது. புகார், மதுரை, வஞ்சி என மூன்று நாட்டுத் தலைநகரங்களிலும் நிகழும் கதையை ஒரு நூலாக்குவது இப்பாவிகமே.

கதைச் சுருக்கமும் பாவிகமும் ஒன்றல்ல. என்ன நிகழ்ந்தது என்பது கதை. அந்நிகழ்ச்சிகளால் புலவன் நிலைநாட்டும் உண்மை பாவிகம். நூலின் இறுதியில் ஒட்டிவைக்கும் நீதியுரையும் பாவிகமாகாது. தொடக்கமுதல் முடிவுவரை ஊடுருவி நிற்பதே அப்பெயர்க்கு உரியது.

மாணவர்களே! பாடநூலில் நீங்கள் பயில்வன காப்பியங்களின் சிற்சில பகுதிகளே. அவை நாரினின்று எடுத்த மலர்கள். அவற்றின் அழகை நுகர்ந்ததோடு அமையாது, வாய்ப்பு நேரும்போது முழு நூலையும் கற்றல் வேண்டும். அப்பொழுதே புலவன் அந்நூலை இயற்றியதன் நோக்கம் உங்கட்கு விளங்கும்.