முகம் வெளுத்துப் போனால் கமராவைக் குற்றம் சொல்லாதீர்கள்

"டீச்சர், உங்கட முகத்தக் காணல்ல. வெள்ளையாத்தான் தெரியுது!"

கட்டாரிலிருந்து ஒரு சின்னக் குரல் இப்படிச் சொன்னபோது என் ராத்தா திகைத்துப் போனார்.

கணவனை இழந்த ராத்தா, வீட்டின் முன்னறையில் இருக்கும் மேசைக் கணனியின் மூலம் தமிழ் கற்பிக்கிறார். கட்டாரிலும் சவூதியிலும் வாழும் நம்மவர்களின் சிறு பிள்ளைகள்தான் அவரது மாணவர்கள். இங்கே இரவு ஏழரை மணியானால் அங்கே மாலை ஐந்து மணி. அந்த நேரத்தில் கிடைக்கும் வருமானம்தான் அவரது இரண்டு பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுக்கிறது.

ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், நாக்கு எங்கே தொடுகிறது, எப்படி வளைகிறது என்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும். முகமே தெரியாவிட்டால் பழம் 'பலம்' ஆகிவிடும். இரண்டு தாய்மார் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். கமராவைக் கடையில் காட்டியபோது, "இது எரிஞ்சி போச்சு, புதிசு வாங்குங்க" என்று பதில் வந்தது.

பாடசாலையில் கணனி கற்பிப்பவள் என்பதால் ராத்தா என்னை அழைத்தார். நான் காலையில் போய்ப் பார்த்தபோது படம் தெளிவாக இருந்தது. இரவில் மட்டுமே முகம் வெளுத்தது. பழுதான கமரா காலையில் நல்லதாகவும் இரவில் கெட்டதாகவும் இருக்குமா? ஆகவே, பிழை வேறெங்கோ இருக்கிறது என்பது புரிந்தது.

கமரா ஏன் ஏமாறுகிறது?

இருட்டில் நம் கண்மணி விரிகிறது, வெயிலில் சுருங்குகிறது. கமராவும் இதைப் போன்றதொரு வேலையைத் தானாகவே செய்கிறது. சட்டகத்துக்குள் தெரிவது பெரும்பாலும் இருட்டாக இருந்தால், "வெளிச்சம் போதாது" என்று எண்ணி அதிக நேரம் ஒளியை உள்ளே எடுக்கும்.

ராத்தா இரவில் எப்படி உட்காருகிறார் என்று பாருங்கள். அறை விளக்கு அணைந்திருக்கும். பின்னால் கடும் நிற அலுமாரி. உடுத்தியிருப்பது கறுப்பு அபாயா, கறுப்பு முக்காடு. முகத்துக்கு நேரே ஒரு மேசை விளக்கு. சட்டகத்தில் முக்கால்வாசி கறுப்பு! கமரா அந்தக் கறுப்பை வெளிச்சமாக்க முயல, ஏற்கெனவே விளக்கொளி பட்ட முகம் வெள்ளைத் தாளாகிவிட்டது.

சுண்டு நிரம்பி வழிந்தால்…

கமரா ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரையான ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. அரிசி அளக்கும் சுண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிரம்பி வழிந்த பின்னர் எவ்வளவு கொட்டினாலும் ஒரு சுண்டுதான். அதுபோலவே நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் 255 ஆகிவிட்டால் அவற்றுக்கிடையே வித்தியாசமே இல்லாமல் போய்விடுகிறது.

பலர் செய்யும் தவறு இங்கேதான். படம் வெளுத்ததும் 'பிரைட்னஸ்' என்பதைக் குறைக்கிறார்கள். அப்போது வெள்ளை முகம் சாம்பல் முகமாகும். கண்ணும் மூக்கும் திரும்பி வரா. சுண்டு வழியாமல் முதலிலேயே அளவாகக் கொட்ட வேண்டும். அதாவது, கமராவுக்குள் போகும் ஒளியைக் குறைக்க வேண்டும்.

முதலில் அறையைச் சரிசெய்யுங்கள்

இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

1. கமராவின் கண்ணை மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் படத்தை வெண்புகையாக்கும். புதிய கமராவாயின், மேலே ஒட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை அகற்றிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

2. சில மலிவான கமராக்களில் கண்ணைச் சுற்றிச் சிறு விளக்குகள் இருக்கும். வயரில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி அவற்றை அணையுங்கள்.

3. மேசை விளக்கை முகத்துக்கு நேரே பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மென்மையானது. அறையின் மின்குமிழையும் எரியவிடுங்கள்.

4. பகலில் யன்னல் வெயில் நேரே முகத்தில் விழுந்தால் மெல்லிய திரையொன்றை இழுத்துவிடுங்கள். யன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாதீர்கள்.

5. கணனித் திரையும் ஒரு விளக்குத்தான். அதன் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

6. கறுப்பு அபாயாவை மாற்ற வேண்டியதில்லை. வெளிர் நிற முக்காடு ஒன்றை அணிந்து, பின்னால் வெளிர் நிறச் சுவர் இருக்குமாறு உட்கார்ந்தாலே கமராவின் கணக்குப் பெருமளவு நேராகிவிடும்.

பிறகு கணனியைச் சரிசெய்யுங்கள்

பாடம் நடத்தும் ஸூம் செயலியின் வீடியோ அமைப்புகளில் 'அட்ஜஸ்ட் ஃபோர் லோ லைட்' என்று ஒன்று உண்டு. இருட்டில் படத்தை வெளிச்சமாக்குவதே அதன் வேலை. ராத்தாவின் கணனியில் அது இயங்கிக்கொண்டிருந்தது. கமராவும் வெளிச்சம் கூட்ட, ஸூமும் கூட்டினால் முகம் என்னவாகும்? அதை நிறுத்தினேன்.

அடுத்து 'எக்ஸ்போஷர்'. ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்பதைத் தீர்மானிப்பது இதுதான். கமராவுடன் வந்த மென்பொருளில் இது இருக்கும். இல்லாவிட்டால் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளை விண்டோஸ் கணனியில் நிறுவி, அதில் கமராவைச் சேர்த்து, அதன் பண்புகளில் 'கொன்பிகர் வீடியோ' என்பதை அழுத்துங்கள். சிறு பெட்டியொன்று திறக்கும். ஸூமை மூடிவிட்டே இதைச் செய்யுங்கள். ஒரே கமராவை இரண்டு செயலிகள் ஒன்றாகப் பிடித்தால் படம் வராமற் போகலாம்.

அந்தப் பெட்டியில் எக்ஸ்போஷருக்கு எதிரே உள்ள 'ஓட்டோ' அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எண்கள் பெரும்பாலும் -5, -6 என்று இருக்கும். -5 என்றால் ஒரு வினாடியின் 32இல் ஒரு பங்கு. -6 என்றால் 64இல் ஒரு பங்கு. ஒரு படி இறக்கினால் ஒளி பாதியாகும். ஆகவே ஒவ்வொரு படியாக இறக்கி, கன்னத்தின் நிறம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். 'கெய்ன்' என்பதையும் குறைத்துவிடுங்கள். படத்தில் கோடுகள் ஓடினால் 'பவர்லைன் ஃப்ரீக்குவன்ஸி' என்பதை 50 ஆக்குங்கள். நம் நாட்டு மின்சாரத்தின் அளவு அதுதான்.

கமராவைக் கழற்றிப் பூட்டினால் சில வேளைகளில் இவை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனவே எண்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

உண்மையில் பழுதா?

இத்தனைக்குப் பிறகும் வெளுப்பு மாறாவிட்டால், கமராவைக் கழற்றி வேறொரு கணனியில் பூட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் குறை உங்கள் கணனியின் அமைப்பில். அங்கேயும் பகலிலும் இரவிலும் ஒன்றுபோல வெளுத்தால் மட்டுமே கமரா பழுதென்று எண்ணலாம். புதியது வாங்குவதைப் பற்றி அதன் பிறகு யோசித்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்ததும் கமராவின் வயரைக் கழற்றிவிடுங்கள். அல்லது சிறு துணி உறையொன்றைத் தைத்துப் போட்டு மூடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் கண் அது. தேவையில்லாதபோது மூடியிருப்பதே பாதுகாப்பு.

அன்றிரவு ராத்தா வெளிர் நீல முக்காட்டுடன், விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். நான் கதவோரம் நின்றேன். "பழம்" என்றார் ராத்தா. சற்று நேரம் அமைதி.

"டீச்சர், உங்கட நாக்கு மேல வளையுது!" என்றது அந்தச் சின்னக் குரல். பிறகு, மெதுவாக, சரியாக: "பழம்."

நின்றுபோன இரண்டு பிள்ளைகளில் ஒன்று அடுத்த மாதமே திரும்பி வந்தது. புதிய கமரா வாங்க ஒதுக்கி வைத்த பணத்தில் ராத்தா மகனுக்குச் சப்பாத்து வாங்கினார்.